பையன்கள் அடித்துக்கொண்டார்கள்

ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்சிவ் ப்ரனவுன் என்பவை எட்டே சொற்கள். மைசெல்ஃப், அவர்செல்வ்ஸ், யுவர்செல்ஃப், யுவர்செல்வ்ஸ், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், தெம்செல்வ்ஸ். கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதி, பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவைத்து, நோட்டில் எழுதவைத்தால் ஒரு பீரியட் முடிந்துவிடும். மறுநாள் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். பரீட்சையில் கோடிட்ட இடத்தையும் நிரப்பிவிடுவார்கள். அதே பிள்ளை கொஞ்ச நாள் கழித்து லீவு லெட்டர் எழுதும்போது பாருங்கள், அந்த எட்டில் ஒன்றுகூட வரவேண்டிய இடத்தில் வராது. வரக்கூடாத இடத்தில் தவறாமல் வரும்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியையாக வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு மாலை வேளைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். அழகப்பா செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. 1985-இல் பல்கலைக்கழகமும் வந்தது. படிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்வழிப் பிள்ளைகள். அப்பா புதுவயல் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குவார், அல்லது ஆத்தங்குடிக் கல் பட்டறையில் சாயக்கலவை ஊற்றுவார். அம்மா பெரிய வீட்டில் சமையல். வீட்டில் ஆங்கிலம் காதில் விழ வழியில்லை. இந்தப் பிள்ளைகளோடு இத்தனை காலம் மல்லுக்கட்டியதில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. வேறு எந்தப் பாடத்தையாவது தமிழ் கலக்காமல் நடத்திவிடலாம், செல்ஃப் பாடத்தை மட்டும் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்த முடியாது.

பிள்ளைகள் முதலில் இடறுவது வடிவத்தில். மை, அவர், யுவர் இவற்றோடு செல்ஃப் சேர்கிறது என்று சொல்லிக்கொடுத்த கையோடு ஹிம், தெம் என்று வேறு வரிசைக்குத் தாவவேண்டியிருக்கிறது. ஒழுங்காக யோசிக்கிற பிள்ளை 'ஹிஸ்செல்ஃப்', 'தெயர்செல்வ்ஸ்' என்றுதான் எழுதும். சிவப்பு மையில் சுழித்தாலும் அந்தப் பிள்ளையை நான் ஒரு படி கூடுதலாகவே மதிப்பேன். அது மனப்பாடம் செய்யவில்லை, விதியைப் பிடித்திருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வட்டாரப் பேச்சில் இந்த இரண்டு வடிவங்களும் இன்றும் உண்டு. கோளாறு மொழியின் பழைய கதையில் இருக்கிறது. ஆதி ஆங்கிலத்தில் 'அவனை' என்பதற்கும் 'தன்னை' என்பதற்கும் ஒரே சொல்தான் வேலை பார்த்தது. அழுத்திச் சொல்லவேண்டிய இடத்தில் 'செல்ஃப்' என்பதைப் பக்கத்தில் வைத்தார்கள். நாளடைவில் அது ஒட்டிக்கொண்டது. 'மீ' என்றிருந்தது 'மை' ஆகிவிட்டது, ஹிம்மும் தெம்மும் பழையபடியே நின்றுவிட்டன. தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. தான் என்பது வேற்றுமை உருபு ஏற்கும்போது தன் என்று குறுகும், தாம் என்பது தம் ஆகும் என்று நன்னூல் சொல்லி முடித்துவிட்டது. அப்புறம் தன்னை, தனக்கு, தன்னால், தன்னிடம் என்று ஒரு பிசகும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

வடிவப் பிழை பயிற்சியில் சரியாகிவிடும். அதில் மேலே சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் இருக்கும் இடம் வேறு. தமிழ் இந்தப் பொருளைப் பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் வைப்பதில்லை, வினையில் வைக்கிறது. அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரல் பட்டுவிட்ட பெண், "என்னை நான் வெட்டினேன்" என்று சொல்லமாட்டாள். "வெட்டிக்கிட்டேன் டீச்சர்" என்பாள். எழுத்தில் வெட்டிக்கொண்டேன். அந்தக் 'கொள்' என்ற துணைவினைதான், செய்த செயல் செய்தவள் மேலேயே திரும்பியது என்று காட்டிக் கொடுக்கிறது. சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் பலன் தனக்கா பிறருக்கா என்பதை வைத்து ஆத்மனேபதம், பரஸ்மைபதம் என்று வினை விகுதியையே இரண்டாகப் பிரித்தார்கள். அதையொட்டிய வேலையைத் தமிழ் ஒரு துணைவினையை வைத்து முடித்துவிடுகிறது. ஆங்கில வினைக்குள் இதற்கு இடமே கிடையாது. வெளியே தனிச் சொல்லாக வைத்தாகவேண்டும். தமிழ்ப் பிள்ளை 'ஐ கட்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடும். அதன் மனத்தில் வாக்கியம் முடிந்துவிட்டது. ஆங்கிலமோ எதை வெட்டினாய், யாரை வெட்டினாய் என்று இன்னும் காத்துக்கொண்டிருக்கும்.

அதனால் எட்டுச் சொற்களை எழுதுவதற்கு முன்னால், பலகையில் தமிழில் வெட்டினேன், வெட்டிக்கொண்டேன் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். என்ன வித்தியாசம் என்று கேட்டால் கடைசி பெஞ்சுக்காரனும் கை தூக்குவான். ஆங்கில வகுப்பில் கை தூக்கியே பழகாதவன் அவன். சுட்டான், சுட்டுக்கொண்டான். பார்த்தாள், பார்த்துக்கொண்டாள். ஏமாற்றினான், ஏமாற்றிக்கொண்டான். இவ்வளவு போதும். இந்த 'கொண்டான்' எங்கே போய் உட்காரும் என்று கேட்டுவிட்டுத்தான் செல்ஃப் வரிசைக்குப் போவேன்.

இதிலும் ஒரு சந்து இருக்கிறது. "கையை வெட்டிக்கிட்டேன்" என்றால் ஆங்கிலத்தில் செல்ஃப் வராது. 'ஐ கட் மை ஹேண்ட்' என்று 'மை' வந்து அந்த வேலையைப் பார்த்துவிடும். உறுப்பின் பெயரைச் சொன்னால் மை, ஹிஸ், ஹெர், சொல்லாவிட்டால் செல்ஃப். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் 'ஐ கட் மைசெல்ஃப் மை ஹேண்ட்' என்று இரண்டையும் போட்டு வைப்பார்கள்.

இனி தலைப்புக்கு வருகிறேன். வகுப்புத் தலைவன் ஒருவன் தலைமை ஆசிரியருக்கு ஆங்கிலத்திலேயே புகார் எழுதினான். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு என்று அவனுக்கு எண்ணம். விஷயம் சின்னது. இடைவேளையில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்து அடித்துக்கொண்டார்கள். "அடிச்சுக்கிட்டாய்ங்க" என்று மனத்தில் ஓடியதை அவன் அப்படியே எழுதினான்: 'தி பாய்ஸ் பீட் தெம்செல்வ்ஸ்.' தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, சாமியாடிக மாதிரி தங்களைத் தாங்களே அடிச்சுக்கிட்டாங்களா?" என்றார். சிரித்தோம். ஆனால் பையன் மேல் குற்றமில்லை. தமிழில் 'கொள்' பன்மையோடு வரும்போது ஒருவரையொருவர் என்ற பொருளையும் தானே தூக்கிக்கொள்கிறது. பேசிக்கொண்டார்கள், திட்டிக்கொண்டார்கள், முறைத்துக்கொண்டார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எதிலும் தன் இல்லை. எல்லாமே இவன் அவனை, அவன் இவனை. ஆங்கிலத்தில் இதற்கு 'ஈச் அதர்' என்று வேறு சொல். பாடப்புத்தகங்களில் செல்ஃப் ஒரு பக்கத்திலும் ஈச் அதர் வேறொரு பக்கத்திலும் கிடக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே வினையிலிருந்து கிளம்புகின்றன என்பதால் நான் இரண்டையும் ஒரே நாளில்தான் நடத்துவேன். இரண்டு பையன்களை முன்னால் அழைத்து, ஆளுக்கொரு கண்ணாடி கொடுப்பேன். தன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் தெம்செல்வ்ஸ். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருப்பவன் மூஞ்சியைப் பார்த்தால் ஈச் அதர். அன்றைக்கு வகுப்பில் சத்தம் அதிகமாக இருக்கும், பரவாயில்லை.

'கொள்' என்றால் செல்ஃப் என்று பிடித்துக்கொடுத்த மறுநாளே அடுத்த வெள்ளம் வரும். 'மை சிஸ்டர் மேரீட் ஹெர்செல்ஃப்.' அக்கா கல்யாணம் பண்ணிக்கொண்டாள் அல்லவா? 'ஐ லேர்ன்ட் மைசெல்ஃப் ஸ்விம்மிங்.' கற்றுக்கொண்டேன். 'ஹீ அக்ரீட் ஹிம்செல்ஃப்.' ஒத்துக்கொண்டான். 'ஷி வோர் ஹெர்செல்ஃப் எ சாரி.' கட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றும் நியாயம்தான். நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் பிள்ளைகள் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ஆகவே தமிழ்க் 'கொள்'களை வகை பிரிக்கவேண்டும். ஒரு வாரம் வீட்டில், தெருவில், பஸ்ஸில் காதில் விழும் 'கிட்டேன்', 'கிட்டான்', 'கிட்டாங்க' எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். ஆங்கிலப் பாடத்துக்குத் தமிழ் வீட்டுப்பாடமா என்று முதலில் விழிப்பார்கள். பிறகு பைநிறைய அள்ளிக்கொண்டு வருவார்கள். அப்பத்தா சொன்னது, கண்டக்டர் சொன்னது, கொப்புடையம்மன் கோயில் தேரோட்டத்தில் மைக்கில் சொன்னது. வகுப்பில் அவற்றைக் குவியல் குவியலாகப் போடுவோம். சுட்டுக்கொண்டான், காயப்படுத்திக்கொண்டான், அறிமுகப்படுத்திக்கொண்டான், ஏமாற்றிக்கொண்டான் ஒரு குவியல்: செல்ஃப் கட்டாயம். அடித்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டார்கள் இன்னொன்று: ஈச் அதர். கற்றுக்கொண்டான், புரிந்துகொண்டான், ஒத்துக்கொண்டான், உட்கார்ந்துகொண்டான், கல்யாணம் பண்ணிக்கொண்டான் எல்லாம் சேர்ந்த குவியல்தான் பெரியது. அதில் ஆங்கிலத்தில் ஒன்றும் போடக்கூடாது; வினையே போதும். படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் வரும் 'கொண்டு' நடப்பைக் காட்டுவது, அது செல்ஃப் கணக்கிலேயே வராது என்று தள்ளிவிடுவோம்.

குளிப்பது, சவரம் செய்வது, உடுத்துவது ஆகியவை நடுவில் நிற்கும். ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் உடம்பைக் கழுவிக்கொள்வதற்குக்கூட 'தன்னை' என்று சொல்லியாகவேண்டும். ஆங்கிலக்காரர் அதை விட்டுவிடுவார். சின்னக் குழந்தை முதன்முதலாகத் தானே சட்டை போட்டுக்கொண்டால் மட்டும் 'ஹிம்செல்ஃப்' என்று சேர்த்துச் சொல்வார். பெரிய ஆள் சட்டை போட்டுக்கொள்வதில் அதிசயம் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

இந்தத் தரம்பிரிக்கும் வேலை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரப்பட்டதில்லை. சொல்லித்தரவும் மாட்டார்கள், ஏனென்றால் தமிழை உள்ளே கொண்டுவருவது குற்றம் என்ற நினைப்பு நெடுங்காலமாக இருந்துவருகிறது. 1950களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலத்தில் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று ஒரு பெரும் முயற்சி நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு, சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்து, ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களை மறுபடி பழக்குவது திட்டம். பனியையே பார்க்காத நாட்டில் பனி உருண்டை என்று பெயர் வைத்தார்கள், போகட்டும். வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கி, சப்ஸ்டிடியூஷன் டேபிள் போட்டுச் சொல்லவைக்கும் முறை அது. அந்த முறையில் பழகிய ஆசிரியர்களிடம்தான் நான் படித்தேன். உச்சரிப்பும் வாக்கிய ஒழுங்கும் எங்கள் தலைமுறைக்கு வந்ததற்கு அவர்கள் காரணம். ஆனால் 'ஐ ஹர்ட் மைசெல்ஃப், யூ ஹர்ட் யுவர்செல்ஃப், ஹீ ஹர்ட் ஹிம்செல்ஃப்' என்று அட்டவணையில் ஓட்டும்போது அக்கா கல்யாணக் கேள்வி எழவே எழாது. அட்டவணைக்கு வெளியே போனால்தான் அது எழும்.

பிறகு 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் இலக்கணமே சொல்லாமல், கணக்கும் வரைபடமும் கால அட்டவணையும் கொடுத்துச் செய்யவைத்தே ஆங்கிலத்தை வரவழைக்கும் சோதனை நடத்தினார். உலகம் முழுதும் அதைப் பற்றிப் பேசினார்கள். வீட்டில் ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு வாரத்தில் ஆறேழு பீரியடில் தானாக வரும் என்று காத்திருக்க எனக்குத் துணிவு இல்லை. இன்னொரு பக்கம் ரென் அண்ட் மார்ட்டின். 1930களில் வந்த அந்தப் புத்தகத்தின் பி.சி. ரென், 'போ ஜெஸ்ட்' நாவலை எழுதிய அதே ரென். விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி எல்லாம் கச்சிதம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தாய்மொழி என்ன என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பிள்ளைகளின் பல மொழிகளை வகுப்பின் வளமாகக் கொள்ளவேண்டும் என்று சொன்னபோது எனக்கு ஒரு ஆறுதல். செய்துகொண்டிருந்ததைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த சிக்கல் இதைவிடச் சுவையானது. கண்ணன் தலைமை ஆசிரியரிடம் போய், முத்து தன்னை அடித்ததாகச் சொன்னான். தமிழில் இதைக் கேட்கும் யாருக்கும் அடி வாங்கியவன் கண்ணன் என்று புரியும். 'தன்' என்ற சொல் பக்கத்தில் இருக்கும் முத்துவைத் தாண்டி, சொன்னவனான கண்ணனிடம் போய்ச் சேர்கிறது. இதையே பிள்ளை ஆங்கிலத்தில், 'கண்ணன் செட் தட் முத்து பீட் ஹிம்செல்ஃப்' என்று எழுதினால் கதையே மாறிவிடும்: முத்து தன்னைத்தானே அடித்துக்கொண்டான். அடி வாங்கியவன் தப்பித்துவிட்டான், அடித்தவன் பரிதாபத்துக்கு உரியவன் ஆகிவிட்டான். ஆங்கில ஹிம்செல்ஃப் தன் சிறு வாக்கியத்துக்குள் இருக்கும் எழுவாயைத்தான் பார்க்கும், வேலி தாண்டாது. நோம் சோம்ஸ்கி 1981-இல் வெளியிட்ட நூலில் இதைப் பெரிய கோட்பாடாகவே வைத்தார். தமிழ்த் 'தான்' அந்தக் கோட்பாட்டுக்கு அடங்குவதில்லை. சீன மொழியிலும் தன்னைக் குறிக்கும் சொல் இப்படித் தூரம் பார்க்கும். தாமஸ் லேமன் 1989-இல் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணத்திலும், இ. அண்ணாமலை போன்ற மொழியியலாளர் கட்டுரைகளிலும் தமிழ்த் 'தான்' பற்றிய விளக்கங்கள் கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பிள்ளை ஏன் தப்பாக எழுதுகிறது என்று தெரியாவிட்டால், திருத்துவதற்குப் பதில் திட்டத்தான் தோன்றும்.

நான் செய்வது எளிய வேலை. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப்புறம் கண்ணன், அந்தப்புறம் முத்து. கோட்டின் பெயர் 'தட்'. அந்தப்புறம் ஹிம்செல்ஃப் என்று அட்டை பிடித்து ஒருவன் நிற்பான். அவன் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு யாரிடம் போகவேண்டும்? கோட்டைத் தாண்டக்கூடாது என்பது ஆங்கில ஆட்டத்தின் விதி. தாண்டவேண்டும் என்றால் அட்டையை மாற்றிக்கொள், வெறும் ஹிம். இதை ஆடிய பிள்ளைகள் ரிப்போர்ட்டட் ஸ்பீச் பாடத்திலும் தடுமாறுவதில்லை.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். 'கண்ணன் தன் சைக்கிளை முத்துவிடம் கொடுத்தான்' என்றால் சைக்கிள் யாருடையது என்பதில் தமிழுக்குச் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் 'ஹிஸ்' என்று எழுதினால் கண்ணனுடையதா முத்துவுடையதா என்று கேட்கத்தான் வேண்டும். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிமிர்வு தெரியும். தங்கள் மொழியில் ஏதோ குறை இருப்பதால்தான் ஆங்கிலம் வரவில்லை என்ற எண்ணம் பல பிள்ளைகளுக்கு உண்டு; அது கொஞ்சம் ஆட்டம் காணும்.

மரியாதைக் கேள்வி ஒன்று தவறாமல் வரும். 'நீங்கள்' என்று ஒருவரைச் சொல்லும் ஊர் இது. வெளியூரில் இருக்கும் அப்பச்சிக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து அட்டை எழுதிய ஒரு பெண் 'டேக் கேர் ஆஃப் யுவர்செல்வ்ஸ்' என்று எழுதியிருந்தாள். ஒருவர்தானே, யுவர்செல்ஃப் போடு என்றேன். "அப்பச்சிய எப்படி டீச்சர் ஒருமைல சொல்றது?" என்றாள். ஆங்கிலத்தில் 'யூ' என்பதே மரியாதைப் பன்மையாக வந்து தங்கிவிட்ட சொல்தான், அப்பச்சிக்குரிய மரியாதை அதிலேயே அடக்கம், செல்ஃப் மட்டும் தலையை எண்ணும் என்று சொன்னேன். அவள் முழுதாக ஒப்பவில்லை. யுவர்செல்ஃப் என்று திருத்திவிட்டு முன்னால் ஒரு 'ரெஸ்பெக்டட்' சேர்த்துக்கொண்டாள்.

அழுத்தத்துக்கு வரும் செல்ஃப் அவ்வளவு படுத்தாது. கலெக்டரே வந்தார், 'தி கலெக்டர் ஹிம்செல்ஃப் கேம்.' தமிழ் ஏகாரம் இருந்தால் ஆங்கிலத்தில் செல்ஃப் என்பது பாதி நேரம் சரியாக வரும். நானே செய்தேன், நான்தான் செய்தேன், நானாகச் செய்தேன், நான் தனியாகச் செய்தேன் என்ற நான்கையும் பிரித்துக் காட்டினால் போதும். முதலாவதற்கு மைசெல்ஃப், கடைசிக்குப் பை மைசெல்ஃப். நடுவில் உள்ள இரண்டுக்கும் வேறு வழி பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்தில் "நாந்தேன் செஞ்சேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லும்போது அதில் செல்ஃப் இல்லை, 'இட் வாஸ் மீ' இருக்கிறது.

செல்ஃப் என்ற சொல் எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. காசோலையில் பெறுபவர் இடத்தில் 'செல்ஃப்' என்று எழுதித் தன் பணத்தைத் தானே எடுக்கும் வழக்கம் இங்குள்ள வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். ஸ்கூட்டரில் "செல்ஃப் எடுக்கல" என்று உதைக்கிறார்கள். சான்றிதழ் நகலில் செல்ஃப் அட்டெஸ்ட் செய்கிறார்கள். செல்ஃபி வந்ததும் என் வேலை பாதி குறைந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2013-இல் அந்த ஆண்டின் சொல்லாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது. யார் எடுத்தது, யாரை எடுத்தது, இரண்டும் ஒரே ஆள் என்றால் செல்ஃப். விளக்கவே வேண்டாம், கையில் இருக்கிறது.

அம்மாக்களின் செல்ஃப் ஹெல்ப் குழுவை நான் ஒரு கணக்காகவே கொடுப்பேன். 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடு முழுதும் பரவிய சுய உதவிக் குழுக்களில் எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் இருக்கிறார்கள். ஒருத்திக்குக் கடன் வேண்டும் என்றால் மற்றவர்கள் சேமிப்பிலிருந்து போகிறது. அப்படியானால் 'தே ஹெல்ப் தெம்செல்வ்ஸ்' சரியா, 'தே ஹெல்ப் ஈச் அதர்' சரியா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். குழுவை வெளியிலிருந்து பார்த்தால் முதலாவது, உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டாவது. இரண்டு பேருக்கும் மதிப்பெண் உண்டு.

கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகள் விடுதிகளான பிறகு என்னிடம் படித்த சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. ஒருவன் உணவுக்கூடத்தில். வெள்ளைக்கார விருந்தினரிடம் 'ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்று சொல்லவேண்டும் என்று மேலாளர் பழக்கியிருக்கிறார். அவனுக்கு வாய் வரவில்லை. என்னிடம் வந்து, "விருந்தாளிகிட்ட நீயே போட்டுச் சாப்பிடுன்னு சொல்றதா டீச்சர்? எங்காத்தா கேட்டா செருப்பால அடிக்கும்" என்றான். பந்தியில் இலை காலியாகுமுன் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவது இந்த ஊர் விருந்து. சீயமும் கந்தரப்பமும் வேண்டாம் என்று கையை மறித்தாலும் விரலிடுக்கில் வைத்துவிடுவார்கள். இலக்கணத்தில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மனம்தான் இடம் கொடுக்கவில்லை. உங்களுக்கு வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள இது உங்கள் வீடு என்று அந்த வாக்கியத்துக்குப் பொருள் என்றேன். இப்போது சொல்கிறானாம். சொல்லிவிட்டு அவனே பரிமாறியும் விடுகிறானாம்.

கடைசியாக அந்த 'மைசெல்ஃப்'. "மைசெல்ஃப் முத்துக்குமார், ஃப்ரம் காரைக்குடி." இன்டர்வியூக்குப் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள், தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியா முழுதும். ஆங்கிலத்தில் செல்ஃப் எழுவாயாகத் தனியே நிற்காது என்பதால் இது பிழை. 'ஐ ஆம்' என்றால் முடிந்தது. இது எங்கிருந்து வந்தது என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. எல்.கே.ஜி., யு.கே.ஜி.யிலேயே 'மைசெல்ஃப்' என்ற தலைப்பில் பத்து வரி மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். தலைப்பையும் சேர்த்தே பிள்ளை ஒப்பிக்கிறது: மைசெல்ஃப், மை நேம் இஸ் முத்துக்குமார். வளர்ந்த பிறகு நடுவில் உள்ளது உதிர்ந்துவிடுகிறது. தலைப்பும் பெயரும் மட்டும் மிஞ்சுகின்றன. அதோடு 'லெட் மி இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப்' என்பதன் வாலும் சேர்ந்துகொண்டிருக்கலாம். பிரிட்டனிலும் அலுவலகக் கடிதங்களில் 'மீ' என்று எழுதவேண்டிய இடத்தில் கௌரவத்துக்காக 'மைசெல்ஃப்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வேலைக்கு எடுக்காமல் விடுவதில்லை.

இங்கே நிலைமை வேறு. வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே எதிரே இருப்பவர் உதட்டோரம் சிரித்ததைப் பார்த்து, அதற்கு மேல் பேச்சே எழாமல் திரும்பிய பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள். 'ஐ ஆம்' என்று திருத்த எனக்கு ஐந்து நிமிடம் போதும், அந்தச் சிரிப்பைத் துடைக்க மாதக்கணக்கில் ஆகிறது. பாடநூல் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: செல்ஃப் பாடத்தைப் பிரதிப்பெயர் அட்டவணையோடு வைக்காமல் வினைகளோடு வையுங்கள், பக்கத்திலேயே ஈச் அதரையும் வையுங்கள், தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான ஆசிரியர் கையேட்டில் 'கொள்' பற்றி அரைப் பக்கமாவது எழுதுங்கள். நேர்காணல் மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருப்பவர்களிடம் வேண்டுவது இன்னும் சின்னது. "மைசெல்ஃப் முத்துக்குமார்" என்று ஒரு பிள்ளை சொன்னால் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். இலக்கணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.